ஓப்சி என்றால் பார்ப்பது

அன்புக்குரிய புதிய தாதிகளே என்று தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கே சிரிப்பு வரும். வார்டில் என்னை அறிந்தவர்கள் யாரும் நான் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆகவே வழக்கம் போலத் திட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்க்க நம் வார்டுக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. உங்களில் ஒருத்தி, பெயரைச் சொல்ல மாட்டேன், கைப்பேசியைப் பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். டாக்டர் சொன்னதை அந்தக் கைப்பேசி தமிழில் சொல்லிற்று: "தங்களுக்குத் திசுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது." பெரியவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிஷ்யூவா? எங்கிட்ட இருக்குலா, வேணாம்" என்றார். வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மின்தூக்கி வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷன் எதை வேணாம் என்றார் என்று உங்களில் ஒருவர்கூடத் திரும்பக் கேட்கவில்லையே, ஏன்?

அந்த ‘வேணாம்’ எனக்கு இன்னொருவரின் ‘வேணாமை’ ஞாபகப்படுத்திவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், இந்தச் சொற்களோடு எனக்கு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் விளங்காது.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு இங்கிலீஷ் தகராறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு மலாய்ப் பள்ளி. வார்டில் புழங்கும் நீளநீளமான சொற்களைக் கேட்டாலே காய்ச்சல் வரும். எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். எந்நேரமும் கடுகடுவென்று இருப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லை மனப்பாடம் செய்வதைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை அதை முழுசா விழுங்கப் பாக்கிறாய்? மீனை முள்ளோடையே விழுங்குவாய்? வெட்டு" என்றார்.

வெட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சொற்களில் முக்கால்வாசி கிரேக்கம். கிரேக்க நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஹெப்பார் என்றால் ஈரல், நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், கார்டியா என்றால் இருதயம். வாலில் ‘ஐட்டிஸ்’ வந்தால் அங்கே அழற்சி. ‘டோம்’ என்றால் வெட்டு, முன்னால் ‘எக்’ சேர்ந்து ‘எக்டமி’ ஆனால் வெட்டி வெளியே எடுப்பது. ‘ஸ்டோமா’ என்றால் வாய், ஆகவே ‘ஸ்டமி’ என்று முடிந்தால் உடம்பில் ஒரு வாய் வைக்கப் போகிறார்கள். அப்பெண்டிசைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ், நெஃப்ரெக்டமி எல்லாம் எனக்கு ஒரே நாளில் வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டன. அன்றிலிருந்து யாராவது புதுச் சொல் சொன்னால் முதலில் தலையையும் வாலையும் தனித்தனியாக வெட்டிப் பார்ப்பேன்.

அது கடிக்கவும் செய்யும். ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், தொலைபேசியில் காதுக்குத் தெரியாது. என்னோடு பயின்ற ஒருத்தி ஒரு தடவை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அழைப்பை எடுத்தாள். சர்க்கரை ஹைப்போ என்றார்கள், இவள் ஹைப்பர் என்று கேட்டாள். இன்சுலினைக் கையில் எடுத்துவிட்டாள். சிஸ்டர் அவளைத் தடுத்து, நோயாளியின் கட்டிலுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆள் தொப்பலாக நனைந்து, கண் சொருகிக் கிடந்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, அந்த ஊசி போயிருந்தால் ஆள் காலி. "காதிலை விழுந்ததை ஆளிலை பார்" என்றார் சிஸ்டர், அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் தொலைபேசியில் ஹைப்போ என்று சொன்னால் கூடவே தாழ்வு என்பதற்கு ‘ரெண்டா’ என்றும், ஹைப்பர் என்றால் உயர்வு என்பதற்கு ‘திங்கி’ என்றும் மலாயில் சேர்த்துச் சொல்வோம். ஆய்வுக்கூடத்துப் பையன்கள் எங்களுக்கு ‘ரெண்டா திங்கி வார்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

சிஸ்டர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். நோயாளி ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்று நிற்கும்போது நாம் எல்லாரும் என்ன செய்கிறோம்? ஏன், ஏன் என்று போட்டுக் குடைகிறோம். அவர் வாயை இறுக்கிக்கொள்கிறார். சிஸ்டர் சொல்வார்: "ஆள் ஏன் மாட்டன் எண்டுது எண்டு கேளாதை. எந்தச் சொல்லிலை முகம் மாறினது எண்டு பார்." எனக்கு அப்போது அது புரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

இனி அந்த ‘வேணாம்’.

அவர் இப்போது உயிரோடு இல்லை. பெயரை மாற்றி அஞ்சலை அக்கா என்று வைத்துக்கொள்வோம், அவருடைய கணவரை மாரிமுத்து அண்ணன் என்று. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வந்தவர்கள். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்கள். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டமாக்கியதும் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறி, அண்ணன் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்த்தார். அக்காவுக்கு இருமல், மூச்சுத் திணறல், முதுகில் வலி. நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல். அது எங்களுக்குப் புது நிழல் அல்ல. சில மாதங்களுக்கு முன்பே வேறொரு சின்ன மருத்துவமனையில் அதைப் பார்த்திருக்கிறார்கள். மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்றதும் கணவர் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாராம்.

எங்கள் வார்டில் டாக்டர் ஃபாரிஸ். இளம் வயது, பொறுமைசாலி. கட்டிலின் ஓரத்தில் நின்று மலாயில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாரிமுத்து அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். தோட்டத்து மலாய் அவருக்கு நன்றாக வரும். "அதனால் நாம் பயோப்சி செய்ய வேண்டும், பாக்சிக்" என்று டாக்டர் மாமா முறை வைத்துச் சொல்லி முடிக்கவில்லை, அண்ணன் எழுந்துவிட்டார். அலமாரியைத் திறந்து அக்காவின் துணிகளை பிளாஸ்டிக் பையில் திணிக்க ஆரம்பித்தார்.

"வேணாம். வீட்டுக்குப் போலாம், எந்திரி."

அக்கா ஒன்றும் கேட்காமல் காலைக் கீழே போட்டுச் செருப்பைத் தேடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பொறுமையாக ஒரு மனிதர் எடுத்துச் சொல்கிறார், இந்த ஆள் பையைத் தூக்குகிறாரே! பொம்பளை மூச்சு விட முடியாமல் கிடக்கிறாள், இவருக்கு என்ன வீம்பு? திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அக்காவின் துணியோடு ஆஸ்பத்திரித் தலையணை உறையையும் சேர்த்துத் திணித்துக்கொண்டிருந்தார். வீம்பு பிடித்தவன் அப்படித் தடுமாற மாட்டான். கட்டி என்றபோதும் நுரையீரல் என்றபோதும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பயோப்சி என்ற ஒரே சொல்லில் எழுந்தார்.

தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். "அண்ணே, போறதுன்னா போங்க, நான் தடுக்கல. பயோப்சின்னதும் எந்திரிச்சீங்களே, அந்த வார்த்தைய முன்ன எங்க கேட்டீங்க?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லூமுட்ல கேட்டேன் மிஸ்ஸி."

தோட்டத்து ஆட்கள் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மகன் லூமுட்டில் படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்திருக்கிறான். ஒரே பையன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லோரி மோதி இறந்துவிட்டான்.

"போலீஸ்காரரு சொன்னாரு, ஆட்டோப்சி பண்ணித்தான் குடுப்பாங்க பாக்சிக்னு. நானும் எக்ஸ்ரே மாதிரி என்னமோன்னு நெனைச்சிட்டேன்லா. முடிஞ்சதும் சட்டை போட்டுவிடணும்னு என்னை உள்ள கூப்பிட்டாங்க." சொல்லிக்கொண்டே தம் சட்டையின் மேல் கழுத்திலிருந்து வயிறு வரை விரலால் ஒரு கோடு இழுத்தார். "சாக்கு தைக்கிற மாதிரி தைச்சிருந்தாங்க. இவளை நான் கிட்டவே விடல. கழுத்து வரைக்கும் வேட்டியைப் போட்டு மூடிட்டேன். மொகத்தை மட்டும் பாத்தா." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "மொதல்ல அந்த ஆஸ்பத்திரில சொன்னாங்க, இப்ப இங்க. அதே ஓப்சி. உயிரோட இருக்கறவளுக்கு அதைச் செய்யணும்ங்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?"

பயோப்சி, ஆட்டோப்சி. எத்தனை ஆயிரம் தடவை இந்த இரண்டு சொற்களையும் பக்கத்துப் பக்கத்தில் சொல்லியிருப்பேன்! இரண்டுக்கும் வால் ஒன்று என்பது எனக்குத் தெரியும். அந்த வாலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பல மாதமாக மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார் என்பது தெரியாது. அந்த முதல் மருத்துவமனையில் ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

"அண்ணே, ஓப்சின்னா வெட்டுறதில்ல. பாக்குறது. அது கிரேக்க பாஷை."

"எந்த பாஷையா இருந்தா என்னா?"

"இருங்க, கேளுங்க. பயோன்னா உயிர். உயிரோட இருக்கறதைப் பாக்குறது, அதான் பயோப்சி. மரத்துப் போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால துளியூண்டு எடுப்பாங்க. அரிசி அளவுகூட இருக்காது. அதைக் கண்ணாடில வச்சுப் பாப்பாங்க. கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் எதுவும் கிடையாது. நான் பக்கத்துலயே நிப்பேன்."

"அப்ப ஆட்டோ?"

அதை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். "தானே. தன் கண்ணால பாக்குறதுன்னு அர்த்தம்" என்றேன்.

"தன் கண்ணால" என்றார். "ஆமா. பாத்தேன்." அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டார். ஆம்பிளை அழுதால் தட்டிக்கொடுப்பதா விலகி நிற்பதா என்று இத்தனை வருட வேலைக்குப் பிறகும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வந்தபோது அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். அண்ணனைத் தண்ணீர் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அக்காவுக்கும் சொன்னேன், உயிர், பார்ப்பது, ஊசி, அரிசி அளவு. லூமுட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரே திறந்தார்.

"அந்த வார்த்தைக்குத்தான் பயந்தாரா இவரு? எங்கிட்ட சொல்லவே இல்ல மிஸ்ஸி. போலாம்னாரு, வந்துட்டேன்."

"நீங்க ஏன்னு கேக்கலியாக்கா?"

"கேட்டா சொல்லணும்லா. சொன்னா அழுவாரு." இருமல் வந்து அடங்கும் வரை காத்திருந்தேன். "பையனை மூடி வச்சாரே, நான் பாக்கலன்னு நெனைச்சிட்டிருக்காரு. பெட்டி தூக்க வந்தவங்க பேசிக்கிட்டது எங்காதுல விழுந்துச்சு. எல்லாம் தெரியும். அவரு மறைச்சிட்டோம்ங்கிற நிம்மதில இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும்." பிறகு கால் செருப்பைக் கழற்றினார். "பாக்கச் சொல்லு உங்க டாக்டரை. பாத்தா என்னா, தேஞ்சா போயிருவேன்?"

பயோப்சி நடந்தது. சொன்ன மாதிரி பக்கத்தில் நின்றேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் ஃபாரிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்களும் உள்ளே இருங்கள்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கும்போது கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று உங்களுக்கு முன்னால் வந்த பிள்ளைகளையெல்லாம் நான் விரட்டி விரட்டிச் சொல்லியிருக்கிறேன். ‘வலிக்காது’ என்று ஒருத்தி கூடுதலாகச் சேர்த்ததற்காக அவளோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் அண்ணன், அக்கா, அக்காவை ஒட்டி நான். டாக்டர் மலாயில் தொடங்கினார், நடுவில் சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்து, "மெட்டாஸ்டாசிஸ்" என்றார். நுரையீரலில் இருந்தது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போயிருக்கிறது. ஒரு சொல்லைத் தமிழாக்க இவ்வளவு வெறுப்பு எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

"மெட்டான்னா மாறி. ஸ்டாசிஸ்னா நிக்கிறது" என்றேன். "நோய் இடம் மாறி நிக்குதுக்கா. ஒரு எடத்துல இல்ல."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நம்மளப் போலதான். தோட்டத்துல இருந்து கெளப்புனாங்க, ஃப்ளாட்டுல வந்து நின்னோம்." சிரிக்கக்கூடச் செய்தார். "இனி இதைக் கெளப்ப முடியாது, அப்படித்தானே?"

"முடியாதுக்கா. வலி இல்லாம பாத்துக்கலாம்ங்கிறாரு." இதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டாக்டர் சொன்னது அதுதான்.

மாரிமுத்து அண்ணன் அதுவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரை நிமிர்ந்து பார்க்காமல் என்னிடம் தமிழில் கேட்டார். முதல் தடவையாக என்னை மிஸ்ஸி என்று கூப்பிடவில்லை.

"தங்கச்சி, டாக்டர்கிட்ட ஒண்ணு கேளு. மொத ஆஸ்பத்திரில சொன்னப்பவே நான் சரின்னிருந்தா, இவ பொழைச்சிருப்பாளா?"

கேட்காமல் விட முடியுமா? இங்கிலீஷில் கேட்டேன். டாக்டர் கோப்பைத் திறந்து பழைய படத்தின் விவரத்தைப் பார்த்தார், மூடினார். இங்கிலீஷிலேயே என்னிடம் பதில் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அப்போது அது சின்னதாக, ஓரிடத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அறுத்து எடுத்திருக்கலாம். பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அக்கா முந்திக்கொண்டார்.

"என்னா சொல்றாருன்னு எனக்கே வெளங்குது. அப்பவே முத்திப் போச்சாம். அன்னிக்கே பாத்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். அப்படித்தானே மிஸ்ஸி?"

அக்காவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் டாக்டர் கோப்பை மூடிய விதத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை, கணவர் பக்கமும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி, மேசைக்கடியில் என் இரண்டு விரல்களைப் பிடித்து நெரித்தார். மூச்சு வாங்குகிற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா சொன்னாரு?"

உண்மையைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவர்தான் கேட்டார், வேறு யாரும் அல்ல. ஆனால் சாகப் போகிறவள் என் விரலைப் பிடித்திருக்கிறாள். யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. இருந்திருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

"ஆமாண்ணே. அப்படித்தான் சொன்னாரு."

அவர் மெதுவாக மூச்சை விட்டார். எழுந்து, இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேசைக்கு மேலே டாக்டரிடம் நீட்டினார். "தெரிமா காசே, டொக்டர்" என்று நன்றி சொன்னார். குனிந்து இன்னொரு தடவையும் சொன்னார். "தெரிமா காசே."

டாக்டர் ஃபாரிஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரும் எழுந்து, அந்தக் கைகளைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நன்றிக்குப் பதிலாக, "சாமா சாமா, பாக்சிக்" என்றார்.